பச்சையெல்லாம் காடு ஆகாது: வால்பாறை வௌவால்களும் மித்தி ஆற்றங்கரையும்

ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறும் மலைச்சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அவற்றைக் கடந்து மேட்டுநிலத்தை அடைந்ததும் சன்னலுக்கு வெளியே தெரிவது முழுக்கப் பச்சை. கோடை விடுமுறைக்கு ஊர் செல்லும் மாதுங்கா, செம்பூர்க் குடும்பங்கள் அங்கே இறங்கிப் படம் எடுத்துக்கொண்டு, காட்டைப் பார்த்துவிட்டு வந்ததாகத் திரும்பி வந்து சொல்வதுண்டு. அவர்கள் பார்த்ததில் பெரும்பகுதி காடன்று. இடுப்பளவுக்குக் கவாத்து செய்யப்பட்ட ஒரே செடியும், அதன் நடுவே இடைவெளி விட்டு நிற்கும் ஆஸ்திரேலிய சில்வர் ஓக் மரமும் சேர்ந்த வயல் அது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கி, மழைக்காட்டை வெட்டி உருவாக்கப்பட்ட ஏறத்தாழ 220 சதுர கிலோமீட்டர் தோட்டநிலம். சுற்றிலும் ஆனைமலை, பரம்பிக்குளம் புலிகள் காப்பகங்களின் காடுகள், நடுவே தேயிலை, தேயிலைக்கு இடையில் அங்கங்கே வெட்டாமல் விடப்பட்ட காட்டுத் துண்டுகள், சில எஸ்டேட்டுகளில் நாட்டு மர நிழலில் வளரும் காப்பி. மனிதக் கண் இவை அனைத்தையும் ‘பசுமை’ என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கிவிடுகிறது. இருட்டியபின் அங்கே பறக்கும் பூச்சியுண்ணி வௌவாலுக்கு இவை நான்கும் நான்கு வேறு நாடுகள்.

இதை அளந்து காட்டிய ஆய்வு ஒன்று உண்டு. கிளேர் வேர்ட்லி, மகேஷ் சங்கரன், திவ்யா முடப்பா, ஜான் ஆல்ட்ரிங்ஹாம் ஆகியோர் வால்பாறை மேட்டுநிலத்தில் செய்த களப்பணியின் முடிவுகள் 2014 முதல் 2018 வரை அடுத்தடுத்த கட்டுரைகளாக வெளிவந்தன. 2015இல் வந்த கட்டுரைக்கு, தேநீரோடு வேறேதேனும் சேர்ந்திருந்தால் வௌவாலுக்குப் பிடிக்கும் என்று பொருள்படும் வேடிக்கையான துணைத்தலைப்பு. வேடிக்கைதான் எனினும், கட்டுரைகள் அனைத்தின் சாரமும் அதற்குள் இருக்கிறது.

வௌவாலைக் கணக்கெடுப்பது பறவையைக் கணக்கெடுப்பது போன்றதன்று. இருட்டில் பறப்பதைக் கண்ணால் இனம் பிரிக்க இயலாது. வலை கட்டிப் பிடிக்கலாம். ஆனால் வலை தாழப் பறப்பதையே பிடிக்கும், மரமுகட்டுக்கு மேலே இரை தேடுவது அதில் சிக்காது. ஒலிப்பதிவுக் கருவியை வைக்கலாம். அது உரத்து ஒலிப்பதைத் தொலைவிலிருந்தே பிடித்துவிடும், முணுமுணுப்பதைத் தவறவிடும். எனவே இவர்கள் இரண்டையும் செய்தார்கள். இந்த இரண்டு வழிகளும் ஒரே இடத்தில் வெவ்வேறு வௌவால் கூட்டங்களைக் காட்டும் என்பதே 2018ஆம் ஆண்டுக் கட்டுரையின் பேசுபொருள். பேச்சுவழக்குத் தரவு சேகரிக்கும் மாணவர்கள் இதை எளிதில் புரிந்துகொள்வர். தேநீர்க் கடையில் வைத்த ஒலிவாங்கி ஒரு தமிழைத் தரும்; வீட்டுக்குள் வைத்தது இன்னொரு தமிழைத் தரும்; ஒன்றை மட்டும் கேட்டு ஊரின் மொழி இதுதான் என்று எழுதிவிட முடியாது.

மொழியியல் துறையினர் இந்த ஆய்வுகளைப் படிக்க வேறொரு காரணமும் உண்டு. வௌவாலின் ஒலி மனிதச் செவியின் எல்லையான 20 கிலோஹெர்ட்ஸுக்குப் பெரும்பாலும் மேலே இருப்பினும், அதைப் பகுத்தறியும் முறை ஒலியியல் வகுப்பறையில் கற்றுத்தரப்படும் முறையேதான். பதிவு செய்து, வேகத்தைக் குறைத்து, ஸ்பெக்ட்ரோகிராமாக விரித்தால் இரண்டு பெரும் வடிவங்கள் தெரியும். ஒரு வகை, மேலிருந்து கீழே சரேலெனச் சரியும் கோடு. சில மில்லி நொடிகளில் பல பத்து கிலோஹெர்ட்ஸ் இறங்கிவிடும். மற்றொரு வகை, ஒரே உயரத்தில் நீளும் தட்டையான கோடு. நெட்டுயிரைப் போல நிலைத்த சுருதி. லாடமூக்கு வௌவால்களும் இலைமூக்கு வௌவால்களும் இந்த இரண்டாம் வகையை மூக்கின் வழியே ஒலிப்பவை. அவற்றின் சுருதி இனத்துக்கு இனம் வேறுபடும். அதனாலேயே புறத்தோற்றத்தில் ஒன்றாகக் கருதப்பட்ட ஒரு லாடமூக்கு வௌவாலுக்குள், ஏறத்தாழ 80 கிலோஹெர்ட்ஸிலும் ஏறத்தாழ 90 கிலோஹெர்ட்ஸிலும் ஒலிக்கும் இரண்டு கூட்டங்கள் இருப்பது கவனத்துக்கு வந்தது. மரபணுவை ஒப்பிட்டு அவை இரண்டு இனங்கள் என்று 2012இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஒலி வேறுபாடே பொருள் வேறுபாட்டுக்குத் தடம் காட்டிய இடம் இது. வேற்றிலை இணைகளைப் பாடமாகப் படித்தவர்களுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. ஒப்புமையை இதற்குமேல் இழுக்கக் கூடாது என்பதும் உண்மை. பேச்சு பிறர் கேட்பதற்கு. இரை தேடும் வௌவாலின் ஒலி, ஒலித்ததே கேட்பதற்கு. அது சொல்லன்று, விளக்கு.

அந்த விளக்கு எப்படிப்பட்டது என்பதைப் பொறுத்தே ஒரு வௌவால் எங்கே வாழ முடியும் என்பது அமைகிறது. அடர்ந்த இலைகளுக்கு நடுவே ஒலித்தால் இலையிலிருந்தும் கிளையிலிருந்தும் எதிரொலி திரும்பும். அந்த இரைச்சலில் ஒரு அந்துப்பூச்சி இருக்கும் இடத்தை எப்படி அறிவது? நிலைத்த சுருதி அதற்கொரு தீர்வு. இலை அசையாமல் நின்றால் சுருதி மாறாமல் திரும்பும். பூச்சி சிறகடித்தால் திரும்பும் ஒலியில் அச்சிறகடிப்பின் நடுக்கம் ஏறியிருக்கும். லாடமூக்கு வௌவாலின் செவி, குறுகிய அந்த அதிர்வெண் பட்டைக்கென்றே கூர்மையாக்கப்பட்டது. பறக்கும் வேகத்தால் எதிரொலியின் சுருதி ஏறிவிடும் என்பதால், அதை ஈடுகட்டத் தான் ஒலிக்கும் சுருதியை வௌவால் சற்றே தாழ்த்திக்கொள்கிறது. ஜெர்மானிய ஆய்வாளர் ஹான்ஸ்-உல்ரிச் ஷ்னிட்ஸ்லர் இதை 1968இல் காட்டினார். இந்தச் செவியோடு குட்டையான அகன்ற சிறகும் சேர்ந்தால், மரங்களுக்கிடையே மெதுவாக வளைந்து பறக்கவும், சில இனங்கள் கிளையில் தொங்கியபடியே காத்திருந்து பாய்ந்து பிடிக்கவும் முடியும். மாறாக, நீண்ட குறுகிய சிறகு கொண்டவை திறந்த வெளியில் வேகமாகப் பறந்தே இரை பிடிக்கும். மரமுகட்டுக்கு மேலே, தெருவிளக்குக்கு மேலே, தேயிலைக்கு மேலே.

2017இல் வெளியான கட்டுரை, காப்பகக் காடு, காட்டுத் துண்டு, நிழற்காப்பி, தேயிலை, கரையில் மரமுள்ள ஆறு, தேயிலை கரைவரை வந்துவிட்ட ஆறு ஆகியவற்றை ஒப்பிட்டது. அவர்கள் எண்ணியது இனங்களின் தொகையை மட்டுமன்று. அவை செய்யும் வேலைகளின் வகைமையையும். காட்டுத் துண்டுகளிலும் நாட்டு மர நிழலில் வளரும் காப்பியிலும் அந்த வகைமை காப்பகக் காட்டுக்கு ஏறத்தாழ இணையாகவே இருந்தது. தேயிலையில் வெகுவாக விழுந்துவிட்டது. தேயிலை ஒரு சல்லடையாகச் செயல்பட்டது. குறிப்பிட்ட உடலமைப்பும் குறிப்பிட்ட ஒலியும் உள்ளவற்றை மட்டுமே கடக்க விட்டது. பழமுண்பவை, உடல் பெரியவை, சிறகு குட்டையாகவும் அகலமாகவும் உள்ளவை, நிலைத்த சுருதியில் ஒலிப்பவை ஆகியவையே சல்லடையில் தங்கிப்போனவை. பின்னைய மூன்றும் காட்டுக்குள் பெரிய இரையைத் தேடும் வௌவால்களின் அடையாளங்கள்.

இதிலிருந்து ஆய்வு மாணவர் கவனிக்க வேண்டியது, தேயிலைமீது வௌவால் பறக்கவில்லை என்பதன்று. பறக்கிறது. மாலையில் தோட்டச் சாலையில் நின்று பார்ப்பவர் தலைக்குமேல் சிறு வௌவால்களைக் காணலாம். கண்டு, எல்லாம் நன்றாகவே இருக்கிறது என்று முடிவுகட்டவும் கூடும். பத்து இலட்சம் சொற்கள் கொண்ட தரவுத்தொகுதி முழுவதும் நாளிதழ் விளையாட்டுப் பக்கத்திலிருந்தே எடுக்கப்பட்டிருந்தால் சொல்தொகை பெரிதாகத்தான் இருக்கும். மொழி அதில் இராது.

ஆறுகளைப் பற்றிய முடிவே இக்கட்டுரையின் மிக முக்கியமான பகுதி என்று கொள்ள இடமுண்டு. தேயிலைக்கு நடுவே ஓடும் ஆறேயாயினும், இரு கரையிலும் ஒரு பட்டை காடு விடப்பட்டிருந்தால் இழப்பில் பெரும்பகுதி ஈடாகிவிடுகிறது. கரைவரை தேயிலை நட்ட ஆற்றில் அது நடப்பதில்லை. தோட்டத்தை மூட வேண்டியதில்லை, எஸ்டேட்டைக் காப்பகமாக்க வேண்டியதில்லை; நீர்க்கரையில் ஒரு பட்டை போதும். சூழலியல் ஆய்வுகளில் இவ்வளவு மலிவான பரிந்துரை அடிக்கடி கிடைப்பதில்லை.

மலிவு என்ற அச்சொல்லைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும், யாருக்கு மலிவு? வால்பாறையில் நடு ஆற்றின் கரையோரக் காட்டைப் பகலில் ஒதுங்கவும் கடந்து செல்லவும் யானைகள் நாடுகின்றன என்பது அங்கே நெடுங்காலமாக நடந்த ஆய்வுகளில் தெரிந்த செய்தி. வௌவாலுக்கான பட்டையே யானைக்கான வழியும். சிறுத்தை தாக்கிக் குழந்தைகள் இறந்த நிகழ்வுகளும் அவ்வூரில் உண்டு. தென்மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் அழைத்துவந்த கூலிகளின் பேரப்பிள்ளைகளே இன்றும் பலர் லயன் வீடுகளில் வாழ்கிறார்கள். அந்தி சாயும் நேரத்தில், அதாவது வௌவால் வெளிவரும் அதே நேரத்தில், வேலை முடிந்து நடந்து வீடு திரும்புகிறவர்கள் அவர்கள். ‘ஆற்றங்கரையில் மரம் வையுங்கள்’ என்று மும்பையிலோ லண்டனிலோ அமர்ந்து எழுதுவது எளிது. இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை அங்கே 2000களின் தொடக்கத்திலிருந்து காட்டுத் துண்டுகளில் நாட்டு மரங்களை நட்டு மீட்டுவருவதோடு, யானை எங்கே நிற்கிறது என்பதைக் குறுஞ்செய்தியாகவும் சிவப்பு விளக்காகவும் ஊரார்க்குத் தெரிவிக்கும் ஏற்பாட்டையும் நடத்திவந்திருக்கிறது. இந்த இரண்டாவது வேலை இல்லாமல் முதலாவதை நியாயப்படுத்துவது கடினம். வௌவால் கட்டுரையைப் படிப்போர் யானைக் கட்டுரையையும் சேர்த்துப் படிப்பது நல்லது.

வௌவாலால் என்ன பயன் என்ற கேள்வி எப்போதும் வரும். விடை சொல்லப் புள்ளிவிவரங்களும் உள்ளன. இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் கொக்கோ மரங்களை வலையால் மூடிப் பறவைகளையும் வௌவால்களையும் விலக்கிப் பார்த்தபோது விளைச்சல் 31 விழுக்காடு குறைந்தது என 2013இல் ஒரு கட்டுரை காட்டியது. அமெரிக்காவில் வெண்மூக்குப் பூஞ்சை நோயால் வௌவால்கள் மடிந்த மாவட்டங்களில் உழவர்கள் பூச்சிமருந்தைச் சுமார் 31 விழுக்காடு கூடுதலாகப் பயன்படுத்தினார்கள் என்றும், அதே மாவட்டங்களில் சிசு மரணம் ஏறத்தாழ 8 விழுக்காடு உயர்ந்தது என்றும் பொருளியலாளர் இயல் ஃபிராங்க் 2024இல் எழுதினார். திடுக்கிட வைக்கும் எண் அது. ஆயினும் கொக்கோவுக்குக் கிடைத்த எண்ணைத் தேயிலைமீது ஒட்டுவது முறையன்று. பயிர் வேறு, பூச்சி வேறு, வௌவாலும் வேறு. அதிலும் இடர் ஒன்றுண்டு. தோட்டத்துக்கு உதவும் வௌவால் பெரும்பாலும் தோட்டத்தின்மேல் பறக்கும் வௌவாலாகவே இருக்கும். பயனை மட்டும் காட்டி வாதாடினால், தேயிலைக்குள் வரவே வராத லாடமூக்கு வௌவாலுக்கு வாதாட ஆளில்லாமல் போகும்.

பெயர் கூட அதற்குச் சரியாக அமையவில்லை. சங்கப் பாடல்களில் வரும் வாவல் பெரும்பாலும் மாலையில் பழமரம் நாடிச் செல்லும் வாவல். பூச்சியுண்ணும் சிறு வௌவாலுக்குத் துரிஞ்சில் என்ற சொல் பழைய அகராதிகளில் கிடக்கிறது. அதே சொல் ஒரு மரத்துக்கும் பெயராகி, இன்று மரப்பொருளில் மட்டுமே ஓரளவு வழங்குகிறது. மலையாளத்தில் சிறியதற்கு நரிச்சீறு என்ற தனிப்பெயர் இன்னும் பேச்சில் உண்டு. தமிழ்நாட்டுக்கு ஆய்வு மரபு இல்லாமலில்லை. 1970களின் இறுதியில் மதுரைக் காமராசர் பல்கலைக்கழகத்தில் எம். கே. சந்திரசேகரன், ஜி. மாரிமுத்து, ஆர். சுப்புராஜ் ஆகியோர் குகைவாழ் இலைமூக்கு வௌவால்களை ஆராய்ந்தனர். பகலிரவு தெரியாத குகை இருட்டில் கூண்டில் அடைக்கப்பட்ட வௌவால், வெளியே போய்வரும் தன் கூட்டத்தாரின் போக்குவரவை வைத்தே பொழுதறிந்துகொள்கிறது என்று அவர்கள் காட்டியது உலகெங்கும் மேற்கோள் காட்டப்படுகிறது. மதுரையிலேயே இதை அறியாத பட்டதாரிகள் மிகுதி என்பது தனிக்கதை.

சட்டமும் நெடுங்காலம் இவ்வாறே இருந்தது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பழமுண்ணி வௌவால்களை எலி, காகத்தோடு சேர்த்துத் தீங்குயிர்ப் பட்டியலில் வைத்தது. முதல் பட்டியலின் முழுப் பாதுகாப்பைப் பெற்றவை இரண்டே வௌவால்கள். ஒன்று பூச்சியுண்ணி; பெல்காம் பக்கத்துப் பாரபேடே குகைகளிலிருந்து அறிவியலுக்குத் தெரியவந்த ரௌட்டன் வௌவால். மற்றொன்று சாலிம் அலி பழவௌவால். தீங்குயிர்ப் பட்டியல் 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் நீங்கியது.

அந்த இரண்டாவது வௌவாலின் கதை மும்பைக்கும் தமிழ்நாட்டு மலைக்கும் இடையிலானது. தேனி மாவட்டத்தின் மேகமலையில், ஆங்கஸ் ஹட்டன் என்ற தோட்டக்காரர் 1948இல் ஒரு வௌவாலைப் பிடித்தார். அது பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சேகரிப்புக்கு வந்து, சாதாரணக் குறுமூக்குப் பழவௌவால் என்ற சீட்டோடு இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இழுப்பறையில் கிடந்தது. தாய்லாந்து ஆய்வாளர் கிட்டி தோங்லோங்யா அதை எடுத்துப் பார்த்து, புதிய இனம் மட்டுமன்று, புதிய பேரினமே என்று 1972இல் எழுதினார். காப்பித் தோட்டமும் காடும் கலந்த நிலத்திலிருந்து வந்த ஓர் உயிர், தாராவியிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் பெயரின்றிக் காத்திருந்தது.

அதே கழகத்தின் இதழில்தான் பிரெஞ்சு ஆய்வாளர் ஆந்த்ரே பிராசே, மத்திய, மேற்கு இந்திய வௌவால்களைப் பற்றிய தம் நீண்ட கட்டுரையை 1962, 1963இல் பகுதி பகுதியாக வெளியிட்டார். குடைவரைகளை அவர் வௌவாலின் வீடாகப் பார்த்தார். சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா என்று இன்று அழைக்கப்படும் ஏறத்தாழ 104 சதுர கிலோமீட்டர் காட்டுக்குள், நூற்றுக்கும் மேற்பட்ட கன்ஹேரி குகைகள் உள்ளன. காடும் குகையும் ஒருசேர நகர எல்லைக்குள் இருக்கும் வாய்ப்பு உலகில் மிகச் சில பெருநகரங்களுக்கே உண்டு. அதன் விளிம்பில் ஆரே. 2019 அக்டோபரில் மெட்ரோ பணிமனைக்காக ஈராயிரத்துக்கும் மேற்பட்ட மரங்கள் இரவோடிரவாக வெட்டத் தொடங்கப்பட்ட இடம்.

வால்பாறையின் கேள்வியை இந்நகரில் கேட்பது கற்பனையன்று. விகார், பவாய் ஏரிகளின் பக்கம் தொடங்கும் மித்தி ஆறு, ஏறத்தாழ 18 கிலோமீட்டர் ஓடி, தாராவியை ஒட்டி மாகிம் கழிமுகத்தில் கலக்கிறது. 2005 ஜூலை வெள்ளத்துக்குப்பின் அதன் கரைகளில் நீண்ட தொலைவுக்குக் காங்கிரீட் சுவர் எழுப்பப்பட்டது. தாராவிப் பக்கத்தில் மட்டும் ஒரு விதிவிலக்கு: முன்பு குப்பை கொட்டப்பட்ட மேட்டில் மரம் வளர்த்து 1994இல் திறக்கப்பட்ட மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா, ஏறத்தாழ 37 ஏக்கர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிட வந்தவர்களின் வழிவந்தோர் வாழும் தெருக்களிலிருந்து நடந்தே அங்கே போகலாம். கரைவரை சுவர் வந்த ஆறும், கரையில் மரமுள்ள ஆறும் ஒரே நீர்வழியில் அடுத்தடுத்து. வால்பாறையில் தேயிலை செய்த வேலையை இங்கே சுவரும் வெளிச்சமும் செய்கின்றனவா என்பது அளக்கக்கூடிய கேள்வி. இங்கிலாந்தில் எம்மா ஸ்டோன் குழுவினர் 2009இல் வேலியோரங்களில் விளக்கேற்றிப் பார்த்தபோது, சிறு லாடமூக்கு வௌவால்கள் தம் வழக்கமான பறப்பு வழியைத் தவிர்த்தன. தெருவிளக்கில் பூச்சி பிடிக்கும் குறுவௌவால்களோ கட்டட இடுக்குகளில் குடியிருந்து நகரத்தோடு ஒத்துப்போய்விடுபவை. தாராவியின் மாடியில் நிற்பவர் காணக்கூடியது இந்த இரண்டாம் வகையாகவே இருக்க வாய்ப்பு மிகுதி. பூங்காவின் மரநிழலில் எது பறக்கிறது என்பதைக் கருவியே சொல்ல வேண்டும்.

கருவியும் இன்று எட்டாத பொருளன்று. ஆடியோமாத் போன்ற உள்ளங்கையளவுப் பதிவிகள் நொடிக்கு 384,000 மாதிரிகள் வரை எடுக்கும். வௌவால் ஒலிக்கு அது போதும். ஒலியியல் படித்தவருக்கு மீதி வேலை பழக்கமானதே. தென்மேற்குத் தொடர்ச்சி மலையின் வௌவால்களை ஒலியால் இனங்காணும் அட்டவணை 2014இல் வெளிவந்துவிட்டது. அதை அப்படியே மும்பைக்குப் பெயர்த்துவிடாமல், பிடித்து அடையாளம் கண்ட வௌவால்களின் ஒலியை இங்கேயே பதிந்து ஒப்பிட்டபின் தொடங்க வேண்டும். வலை கட்ட வனத்துறையின் அனுமதி தேவை. வெறும் பதிவுக்குப் பூங்கா நிர்வாகத்தைக் கேட்பதிலிருந்து தொடங்கலாம். மழைக்காலத்தைத் தவிர்த்தால், அக்டோபர் முதல் மே வரை மாலை வேளைகள் கிடைக்கும்.